"ரத்தம் ஏறிடுச்சு, ஊசி போதும்"

கிருஷ்ணகிரியில் நர்ஸாக இருக்கிறேன். ஊசி போட மட்டுமே தெரிந்த என்னை மனு எழுத வைத்தவர், ராயக்கோட்டை தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் ஓர் அக்கா.

முதல் தடவை வந்தபோது ஹீமோகுளோபின் 6. அதற்கு முன்பே ஒரு வருஷம் இரும்புச்சத்து மாத்திரை, பேரீச்சை, முருங்கைக்கீரை, யாரோ சொன்னார்கள் என்று வாராவாரம் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வறுவல் வேறு. "களி உருண்டைய வாயில வச்சாலே நாக்கு எரியுது சிஸ்டர், நடந்தா பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்றார். கால் மரத்ததற்கு சுகர் பார்த்திருக்கிறார்கள், இல்லை என்றதும் அதோடு சரி. எங்கள் டாக்டர்தான் வழவழவென்று சிவந்திருந்த நாக்கைப் பார்த்துவிட்டு ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவு எடுக்கச் சொன்னார். அடிமட்டத்தில் இருந்தது. அப்புறம் ஆன்டிபாடி டெஸ்ட். பெர்னீசியஸ் அனீமியா.

சாப்பாட்டில் குறையே இல்லை. பி12 குடலில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வேண்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதையும் அதைச் சுரக்கும் செல்களையும் தாக்கிவிடுகிறது. அதனால் ஆயுள் முழுக்க ஊசி. ஒரு காலத்தில் ஆளைக் கொன்ற நோய் இது. 1926ல் அமெரிக்க டாக்டர்கள் மைனாட்டும் மர்ஃபியும் தினமும் ஈரல் கொடுத்தே பிழைக்க வைத்தார்கள், 1934ல் நோபலும் கிடைத்தது. (அக்காவின் சுவரொட்டி அப்படியொன்றும் அசட்டுத்தனம் இல்லை. ஆனால் வாரம் ஒரு கிண்ணம் எங்கே, தினசரி ஈரல் எங்கே.)

ஊசியில் நன்றாகத் தேறினார், எங்களிடம் வருவது நின்றது. ஒன்றரை வருஷம் கழித்து மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் வேறோர் இடத்தில் ஊசி போடப் போயிருக்கிறார், அங்கே ஹீமோகுளோபின் 12 என்று பார்த்ததும் "ரத்தம் ஏறிடுச்சு, ஊசி போதும்" என்று ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரை ரத்தத்தைக் காப்பாற்றிவிட்டது, பி12 இல்லாமல் நரம்புதான் போய்க்கொண்டே இருந்தது. அவர்களை மட்டும் சொல்ல மாட்டேன். அவர் நோட்டில் "பி12 ஊசி" என்று எழுதிய நான், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதவில்லை.

இப்போது இந்த நோயாளிகளின் நோட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் "வாழ்நாள் முழுக்க, நிறுத்தக் கூடாது" என்று எழுதுகிறேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் பேசினால் "சைவம் சாப்பிடறவங்களுக்குத்தானே பி12 குறையும்?" என்கிறார்கள். அது வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும்போது இந்த ஊசி மட்டும் வரக் கூடாதா? இதைத்தான் மனுவாக எழுதி, ஆயுள் முழுக்க ஊசி போடச் சொல்லும் இங்கிலாந்தின் 2024 வழிகாட்டுதலையும் இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றோம். அக்காவும் வந்தார். ரசீது கிடைத்தது, பதில் வரவில்லை. இரண்டாவது மனு தயார்.

அக்காவுக்குக் கால் உணர்வு பாதிதான் திரும்பியிருக்கிறது. நின்று வேலை பார்க்க முடியாமல், கவிழ்த்துப் போட்ட கிரேட்டின் மேல் உட்கார்ந்து தக்காளி பிரிக்கிறார்.