பெடல் சுற்றிக் கேட்ட பாட்டு

ரொறன்ரோ சப்வேயில் காதுக்குள் 'ராக்கம்மா கையத் தட்டு' போகிறது. பாதி தாண்டியும் எஸ்.பி.பி. களைக்கவேயில்லை. தொண்ணூறுகளில் அதை யாழ்ப்பாணத்தில் கேட்ட காதுக்கு அதுதான் இடிக்கிறது. அங்கே இந்நேரம் குரல் தடித்து, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இழுபடத் தொடங்கியிருக்கும். திண்ணையில் இருந்து சத்தம் வரும்: "டேய், நித்திரையோ? சுத்தடா!"

போர்க்காலம், கரண்ட் இல்லை. பற்றரி அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைப் பட்டியலில். சைக்கிளைக் கவிழ்த்து, பின்சில்லோடு டைனமோவைச் சாய்த்து, கையால் பெடலைச் சுற்றினால்தான் பாட்டு. டைனமோ 6 வோல்ட், 3 வாட். நாலு பற்றரி போடுகிற றேடியோ-கசற் செற்றுக்கும் 6 வோல்ட்தான் என்பதால் கணக்குச் சரி. ஆனால் டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடுகிற ஏசி; செற்றுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற டீசி. நாலு டையோட்டைப் பாலமாகக் கட்டி டீசி ஆக்க வேண்டும்; அதிலேயே ஒன்றரை வோல்ட் அளவு போய்விடும். பிறகு, மிச்ச ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று. அது இல்லாவிட்டால் இளையராஜாவின் வயலின்களுக்கு மேலே ஒரு மாட்டு இரைச்சல் கேட்கும்.

ஒரு வயர் டைனமோவின் முனைக்கு. மற்றதுக்கு டைனமோவின் உடம்புதான் முனை. பெயின்ற்றைச் சுரண்டாமல் வயரைச் சுற்றிவிட்டு "செற் பழுது" என்று தலையைச் சொறிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர். மழை ஈரத்தில் டைனமோ டயரில் வழுக்கும். வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஏறிச் செற் எரியும். அந்தப் பழி சுற்றினவனுக்குத்தான்.

இரவில் பிபிசி தமிழோசைக்குச் சுற்ற ஒருவர் போதும்; றேடியோ கொஞ்சம்தான் இழுக்கும். கசற்றுக்கு மோட்டரும் ஓட வேண்டும், ஆள் மாறி ஆள் வேண்டும். மோட்டருக்குள் வேகத்தைப் பிடித்து வைக்கிற ஒழுங்கு இருப்பதால் கை கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டு காட்டிக்கொடுக்காது. ஓரளவுக்குக் கீழே போனால்தான் ஒரேயடியாகச் சரியும்.

இந்தப் பாட்டு வந்த 'தளபதி' படம் 1991இல். ஆட்டத்துக்கு நடுவே அப்பரின் 'குனித்த புருவமும்' வரும். கோயிலில் பஞ்சபுராணம் ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். குத்துப்பாட்டுக்கு முகம் சுளித்த அம்மம்மாவும் அந்த இடத்தில் வாயசைப்பா. தேவாரத்துக்குள் குரல் தளர்ந்தால் திட்டு இரண்டு மடங்கு. 2002இல் பிபிசி உலகசேவை உலகத்து நேயர்களிடம் பிடித்த பாட்டைக் கேட்டபோது 'ராக்கம்மா' நாலாவதாக வந்தது. முதலிடம் ஓர் அயர்லாந்து விடுதலைப் பாட்டுக்கு. அதுவும் நாட்டை நினைத்துப் பாடுவதுதான்.

இங்கே எல்லாம் பழகிவிட்டது. பூட்ஸ், உப்புக் கறை, வாசலில் பனி அள்ளுவது, மாதக் கட்டணத்துக்கு எண்ணில்லாப் பாட்டு. பழகிவிட்டது என்று சொல்லி முடிக்கமுதலே, ஜிம்மில் எலிப்ற்றிக்கல் மெஷினின் பெடலில் நிற்கிற கால்கள் பாட்டு இழுபடுமோ என்று தானாக வேகம் பிடிக்கின்றன. பக்கத்து வெள்ளைக்காரர் ஏதோ போட்டி என்று நினைத்துத் தானும் வேகம் கூட்டுகிறார்.

மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும் பாட்டு நிற்கும். குளிரில் ஃபோன் பற்றரியின் வலு விழுந்து, முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே ஃபோன் அணைந்துவிடும். குரல் தடிக்காது, இழுபடாது, பட்டென்று வெட்டும். சட்டையின் உட்பையில், உடம்போடு ஒட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்தால் பெரும்பாலும் திரும்ப எழும்பும். அதுவரை சுற்றுவதற்கு ஒன்றுமில்லை.