44 வயதில் வேலை தேடுகிறேன்

சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு நூற்பாலையில் 17 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆலையை மூடி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒன்பது நேர்காணல் போய்விட்டேன்.

போன வாரம் அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகம். டேலி கணக்கு மென்பொருள் தெரியுமா, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வீர்களா என்று கேட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து ஆலைக்கு நான்தான் தாக்கல் செய்தேன் என்றேன். எல்லாம் முடிந்து எழும்போது, "உங்க மேலதிகாரிக்கு 29 வயசு சார், சரிப்பட்டு வருமா?" என்றார்கள். வரும் என்று மனதாரச் சொன்னேன். இன்னும் போன் வரவில்லை. அன்று பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லைங்க, அலையாதீங்க" என்றாள் மனைவி.

என்னைப் போல வேலை போனவர்களுக்கு ஒன்று. ஒரே இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்கள் உரிமை. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் தரவேண்டும். எழுதிக் கேளுங்கள். என்னோடு இருந்த பலர் கேட்கவே தயங்கினார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. அப்புறம், அவசரத்தில் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். புது வேலை கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலோ சூரமங்கலம் பக்கமோ கணக்கு வேலை இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நாளைக்கே வரத் தயார்.