சூடானதும் மேடு ஏற மறுக்கும் புல்வெட்டு டிராக்டர்

அமெரிக்காவில் பெரிய புல்வெளி வைத்திருப்பவர்கள் ஓட்டும் விலை குறைந்த டிராக்டர்கள் பலவற்றில் டஃப் டார்க் கே46 என்ற, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன்தான் இருக்கும். அது தேயும்போது வரும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே. எஞ்சின் போட்டதும் நன்றாக ஓடும். அரை மணி நேரம் வெட்டியபின் சரிவில் மிதியை முழுக்க அழுத்தினாலும் ஊர்ந்துபோய் நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஏறும்.

காரணம் உள்கசிவு. பம்பின் பிஸ்டன்கள் தள்ளும் எண்ணெய்தான் ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்றுகிறது. சிலிண்டர் பிளாக் உட்கார்ந்து சுழலும் வழவழப்பான முகத்தில் கீறல் விழுந்துவிட்டால், அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் அந்தக் கீறல் வழியே வெளியேறும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் கசிவு குறைவு. சூடாகி நீர்த்துப் போனதும், மேட்டில் அழுத்தம் கூடும் நேரத்தில், எல்லாம் கசிந்துவிடும்.

கீறலைப் போடுவது பெரும்பாலும் கியர்களிலிருந்து உதிரும் இரும்புத்தூள். இந்த வகையில் கியருக்கும் பம்புக்கும் ஒரே எண்ணெய். உள்ளே காந்தமும் வடிகட்டியும் உண்டு, ஆனால் திறக்காமல் அவற்றைத் துடைக்க வழியில்லை. 'ஆயுளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. முதல் எண்ணெயில்தான் புதுக் கியரின் தூள் அதிகம்.

டிரான்ஸ்மிஷனைக் குறைசொல்லும் முன் பெல்ட்டைப் பாருங்கள். சமதளத்தில் பிளேடை நிறுத்திவிட்டு, முன்பக்கத்தை மரத்தில் முட்டவைத்து ஒருவர் இரண்டு மூன்று விநாடி மிதிக்கட்டும். இன்னொருவர் தள்ளி நின்று டிரான்ஸ்மிஷன் மேலுள்ள விசிறியைக் கவனிக்கட்டும். விசிறி தடுமாறி ரப்பர் வாடை வந்தால் பெல்ட் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் ஸ்பிரிங்தான் கோளாறு. விசிறி முழு வேகத்தில் சுற்றியும் சக்கரம் அசையவில்லை என்றால் பைபாஸ் கம்பி (டிராக்டரைக் கையால் தள்ள டிரான்ஸ்மிஷனை விடுவிப்பது) முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சூடு, குளிர் என்றில்லாமல் திடீரென்று அடியோடு நின்றுபோனால் சக்கரத்தை அச்சோடு பூட்டும் சாவித்துண்டு அறுந்திருக்கலாம். ஒரு பக்கம் அறுந்தாலே போதும், இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிரும் டிஃபரன்ஷியல் வழியாக முழுச் சக்தியும் அந்தப் பக்கம் வீணாகும். எஞ்சினை அணைத்து, பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரத்தோடு சேர்ந்து அச்சுமுனை சுற்றாவிட்டால் அதுதான்.

எண்ணெய் மாற்ற, கே46-இல் வடிகால் திருகு கிடையாது. யூனிட்டை முழுதாகக் கழற்றி, மேலே விசிறிக்கு அருகிலுள்ள மூடியை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வடிக்க வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் தூசியைத் துடைப்பது முக்கியம். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனாலும் கேடு. நிரப்ப 5டபிள்யூ-50 சிந்தெடிக் எண்ணெய் நல்லது.

பிறகு காற்றை வெளியேற்றுங்கள். பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பைபாஸைத் திறந்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு முன்னும் பின்னுமாக ஐந்து ஐந்து விநாடி, ஐந்தாறு முறை மிதியுங்கள். எஞ்சினை அணைத்து பைபாஸை மூடி மறுபடியும் அதையே செய்யுங்கள். கடைசியில் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும். ஊற்றிச் சரிசெய்யாவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிடும்.

விசிறி இறகு உடைந்திருந்தாலோ உறையின் மேல் புல் அப்பியிருந்தாலோ, புது எண்ணெயும் சீக்கிரம் கொதித்துவிடும். இத்தனையும் செய்த பின்னும் சூட்டில் இழுவை போனால் சிலிண்டர் பிளாக் உட்காரும் அந்த முகம் தேய்ந்துவிட்டது. கெட்டியான எண்ணெய் சில மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். தொடர்ந்து சரிவில் வெட்டுபவரும் பாரவண்டி இழுப்பவரும் இன்னொரு கே46 வாங்கிப் போடுவதைவிட, கனமான டிரான்ஸ்மிஷன் உள்ள டிராக்டருக்கு மாறுவதே மேல்.