30 கூற்றுகளை அரபிக்குக் கொண்டுபோன கதை

ரியாத்தில் ஒரு செவிலியர் கல்லூரியில் புள்ளியியல் வேலை பார்த்தபோது, உணர்வுசார் நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறனை, அளக்கும் கேள்வித்தாள் ஒன்றின் அரபி வடிவத்தைச் சோதிக்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த உளவியலாளர் பெட்ரிடீஸ் உருவாக்கியதன் சுருக்கம் அது. முழு வடிவத்தில் 153 கூற்றுகள், சுருக்கத்தில் 30. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்.

மொழிபெயர்ப்பு சீக்கிரமே முடிந்தது. இருவர் தனித்தனியாக அரபியில் எழுத, இரண்டையும் ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினார்கள். பெயரடைகள் ஆண்பால், பெண்பால் என்று மாறுவதால் இரண்டு படிவங்கள் அச்சிட்டோம். திருப்பிய ஆங்கிலம் மூலத்தோடு கச்சிதமாகப் பொருந்தியதில் குழுவுக்கு ஏக மகிழ்ச்சி. என்னைக் கேட்டால், இந்தக் கட்டத்துக்கு ஆய்வுக் கட்டுரைகள் தரும் மரியாதை கொஞ்சம் அதிகம்.

சிக்கல் முன்சோதனையில்தான் வெளிப்பட்டது. மாணவிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்பச் சொன்னோம். அடுத்தவர் கோணத்திலிருந்து பார்ப்பது தனக்குக் கடினம் என்கிற பொருளில் ஒரு கூற்று. ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு, “எனக்கா? கடினமே இல்லை!” என்று சிரித்தபடி 7-ஐ வட்டமிட்டாள். 7 என்றால் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்று பொருள்! 30 கூற்றுகளில் பாதி இப்படி எதிர்த்திசையில் எழுதப்பட்டவை. நேராக்கிவிடலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் அது வேறு கேள்வித்தாளாகிவிடும், பிற மொழி வடிவங்களோடு ஒப்பிட முடியாது. எனவே தாளின் தலைப்பில் நிரப்பிய மாதிரி ஒன்றைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

இரு மொழியும் தெரிந்தவர்களிடம் இரண்டு தாள்களையும் கொடுத்தபோது இன்னொரு கூத்து. ஆங்கிலத் தாளில் 1 இடது ஓரத்தில், அரபித் தாளில் வலது ஓரத்தில். எண்ணைப் பார்க்காமல் பழகிய பக்கத்தில் வட்டமிட்டவர்கள் உண்டு. அப்புறம் இரண்டு தாள்களையும் வேறு வேறு நாளில் கொடுத்தோம்.

பதில்கள் மாறாமல் நிற்கின்றனவா என்று பார்க்க, இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொல்வது வழக்கம். எங்கள் இரண்டாம் சுற்று ரமலானில் விழ இருந்தது. தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகும் மாதத்தில் நிதானத்தைப் பற்றிக் கேட்டால் எதை அளக்கிறோம்? முதல் சுற்றையே பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொண்டோம்.

எந்தக் கூற்றுகளின் பதில்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது காரணிப் பகுப்பாய்வு. அதில் நல்வாழ்வு, தன்கட்டுப்பாடு, உணர்வுத்திறன், பழகுதிறன் எனக் கேள்வித்தாளின் நான்கு பிரிவுகளும் ஓரளவு தென்பட்டன. ஆனால் எதிர்மறைக் கூற்றுகள் பிரிவு பாராமல் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்திருந்தன. அந்த மாணவியின் 7 அங்கே எனக்குத் தெரிந்தது. அவற்றைத் தனிக் காரணியாக, அதாவது தனிக் கூட்டமாக, எடுத்துக்கொண்ட பிறகே எங்கள் கணக்கு தரவோடு பொருந்தியது. மொத்த மதிப்பெண் உறுதியாக இருந்தது, உட்பிரிவுகளில் சிலவற்றின் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) வழக்கமாக எதிர்பார்க்கும் 0.7-ஐத் தொடவில்லை. ஒரு பிரிவுக்கு ஆறெட்டுக் கூற்றுகள் என்றால் அவ்வளவுதான் கிடைக்கும்.

மாணவர் சேர்க்கைக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். சேர்க்கை என்று தெரிந்தால் யார்தான் தன்னைக் கோபக்காரி என்று எழுதுவாள்? ஆய்வுக்கு மட்டும், அதுவும் மொத்த மதிப்பெண் மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.