ஒன்பதாம் இலக்கப் பாதையில் வோல்தேர்

பாரிசுக்கு வந்த முதல் ஆறு ஆண்டுகள் வோல்தேர் எனக்கு ஒரு மெட்ரோ நிலையம் மட்டுமே. உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்க, கடைசி ரயிலுக்கு ஓடுவேன். ஒன்பதாம் இலக்கப் பாதை. ரெபுப்ளிக், வோல்தேர், நாசியோன், நகர எல்லையைத் தாண்டியதும் ரோபெஸ்பியர். அங்கேதான் இறங்குவேன். நாங்கள் ஐந்து பேர் படுத்தெழும்பிய அறை அங்கிருந்து நடை தூரம். குடியரசு, தத்துவஞானி, தேசம், அதற்குப் பிறகு தலை வெட்டுவித்தவர் என்று அந்த வரிசைக்கு ஒரு பொருள் இருப்பது அப்போது தெரியாது. கண் அயர்ந்தால் பாதை முடியும் இடம் வரை போய்த் திரும்பி நடக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

மொழி தெரியாமல் இனிச் சரிவராது என்ற நிலை வந்தபோது மாலை வகுப்பொன்றில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காசு வாங்காமல் படிப்பித்தார். பாடப்புத்தகத்தில் வரும் சந்தை, மருந்துக்கடை உரையாடல்களில் அவருக்கே அலுப்பு. ஒரு நாள், பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்த 1789 ஆகஸ்ட் 26 மனித உரிமைப் பிரகடனத்தின் பிரதியைக் கையில் தந்தார். மொத்தம் 17 உறுப்புரைகள். முதலாவதை என்னை வாசிக்கச் சொன்னார். மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமையில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்பதற்கு அடுத்து 'தெமரே' என்றொரு வினைச்சொல் நின்றது. அந்தச் சொல் எனக்குப் பழக்கம். விண்ணப்பப் படிவங்களில் முகவரிக்கு முன்னால் வரும். இன்ன இடத்தில் வசிப்பவர் என்று பொருள். ஆகவே, மனிதர்கள் சுதந்திரமாகப் பிறந்து, அதே முகவரியில் வசிக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். ஆசிரியை சிரித்து முடியச் சற்று நேரம் பிடித்தது. 'தொடர்ந்து அப்படியே இருக்கிறார்கள்' என்பதுதான் சரியான பொருளாம். பிறக்கும்போது சமம் என்று சொல்வது சுலபம், அப்படியே இருக்கவிடுவதுதான் பாடு என்றார். என் மொழிபெயர்ப்பும் முழுப் பிழை இல்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தவனுக்கு முகவரியும் ஓர் உரிமைதான்.

அந்த வகுப்பில்தான் வோல்தேர், ரூசோ போன்ற தத்துவக்காரர்களும் ஓடித் திரிந்தவர்கள் என்று அறிந்தேன். ஒரு பிரபுவோடு வாய்த்தர்க்கப்பட்டதற்காக வோல்தேர் அவருடைய ஆட்களிடம் அடி வாங்கினார். சிறைக்குப் போனவரும் வோல்தேரே. 1726இல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆங்கிலேயரின் நாடாளுமன்றத்தையும் மதச் சகிப்பையும் புகழ்ந்து அவர் எழுதிய நூல் 1734இல் பாரிசில் எரிக்கப்பட்டது. ரூசோவின் சமூக ஒப்பந்த நூல் 1762இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. எல்லை தாண்டி ஓடினார். பிறந்த ஊரான ஜெனீவாவும் அவருடைய நூல்களை எரித்தது. அறை நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நல்ல கேஸ். முதல் தடவையிலேயே விசா கிடைத்திருக்கும்" என்றான். அவனுடைய அகதிக் கேஸ் அப்போது இரண்டாவது தடவையும் நிராகரிக்கப்பட்டிருந்தது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்சின் பெரியவர்களை அடக்கம் செய்திருக்கும் பாந்தெயோன் நிலவறைக்குப் போய்ப் பார்த்தேன். உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் திட்டித் தீர்த்த இருவரையும் எதிரெதிரே வைத்திருக்கிறார்கள். ரூசோவின் பெட்டியில் ஒரு கதவு செதுக்கியிருக்கிறது. அது சற்றே திறந்து, தீப்பந்தம் பிடித்த கையொன்று வெளியே நீள்கிறது. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பிடித்த இருவரை ஒரே வளவுக்குள் கொண்டுவந்து விட்டதுபோல இருந்தது. வோல்தேர் சனநாயகவாதி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்களைவிட, படித்த மன்னன் ஒருவனையே அவர் அதிகம் நம்பினார்.

என் மனதுக்கு நெருங்கியவர் இன்னொரு தத்துவக்காரரான மொந்தெஸ்கியூ. 1748இல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: அதிகாரம் கையில் கிடைத்தவன் அதை எல்லை வரை இழுத்துப் பார்ப்பான், அதிகாரத்தை இன்னோர் அதிகாரமே தடுக்க முடியும். உரிமைக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே இல்லை என்று பிரகடனத்தின் 16ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை வாசித்தபோது அப்பா வாய் ஓயாமல் பேசும் கோடீஸ்வரன் வழக்கு நினைவுக்கு வந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் அவர். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டம், சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகிறதா என்பதுதான் கேள்வி. மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. முடியும் என்று 1969இல், இலங்கைக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. அதோடு சரி. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவே போய்விட்டது. உண்மைக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் முடிவான விடை சொல்லவில்லை. மொந்தெஸ்கியூ யாரென்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நேர்முகம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இளம் பெண் உத்தியோகத்தர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் விளக்கச் சொன்னார், சொன்னேன். பிரான்சில் பெண்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது என்றார். 1944 என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் அம்மம்மாவுக்கு 1931இலேயே கிடைத்துவிட்டது" என்று வாய் தவறி வந்துவிட்டது. அது உண்மைதான். பிரித்தானியர் ஆட்சியில் வந்த டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் 21 வயதான ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குக் கொடுத்தது. 1789இல் பிரகடனம் எழுதிய நாட்டில் பெண்களுக்கு அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. பெண்களுக்கென்று தனிப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் து கூஜ் 1793இல் கில்லட்டினுக்குப் போனார். அம்மம்மா அந்த வாக்கை உடனே போடவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். முழு சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதியிருப்பார் என்று மாதக்கணக்காக நித்திரை கெட்டேன்.

கடைசியில் கடிதம் வந்தது. ஊரில் இதைப் 'பிரசாவுரிமை' என்போம். பிரசை என்றால் மன்னனுக்குக் கீழே இருப்பவன். அந்தச் சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர் புரட்சியில் தூக்கியெறிந்து 'சித்துவாயான்', அதாவது குடிமகன், என்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். நாங்கள் அந்தப் பழைய சொல்லோடே 1948இல் சட்டமும் போட்டு, மலையகத் தமிழர் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கினோம். 'நாங்கள்' என்று எழுதுவது சரிதான். அந்த அரசுக்குப் பின்னர் கை கொடுத்தவர்களில் யாழ்ப்பாணத்துத் தலைவர்களும் இருந்தார்கள்.

2017 ஏப்ரலில் முதல் தடவையாக வாக்களிக்கப் போனேன். இடம், மகள் படிக்கும் ஆரம்பப் பள்ளி. மேசையில் 11 வேட்பாளர்களின் பெயர்ச்சீட்டுகள் தனித்தனி அடுக்காக இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்தால் யாருக்கென்று தெரிந்துவிடும் என்பதால் குறைந்தது இரண்டு சீட்டுகள் எடுக்க வேண்டும் என்பது முறை. நான் பதினொன்றையும் எடுத்தேன். திரைக்குள் போய் ஒன்றை மடித்து உறையில் இட்டேன். கண்ணாடிபோலத் தெரியும் பெட்டிக்குள் உறை விழுந்ததும், மேசையில் இருந்தவர் என் நீண்ட பெயரைச் சிரமப்பட்டு வாசித்து, "அ வோத்தே" என்று உரத்துச் சொன்னார். வாக்களித்தாயிற்று.

மீதிச் சீட்டுகளை எறிய மனம் வராமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் மகள் அவற்றை எடுத்து, பின்பக்கம் படம் கீற மேசையில் பரப்பினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பத்தில் நின்றாள். தொலைக்காட்சியில் பார்த்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, அப்பா யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்குக் கத்திச் சொன்னாள்.