மைனஸ் 40-இல் ஐந்து பெட்டைகள்

ஊரில் பாட்டி பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு கல்லை வைப்பாள். கோழி வளர்ப்பில் அவளுக்கு அவ்வளவுதான் கவலை. கனடாவின் எட்மன்டனில் ஐந்து பெட்டைகளை வைத்துக்கொண்டு நான் அக்டோபரிலேயே தூக்கத்தைத் தொலைத்தேன். மூன்று சான்டெக்ளேர் இனம், இரண்டு லெகார்ன் இனம்.

2023 நவம்பர்: குளிர் புகக்கூடாதென்று கூட்டின் கூரையோரச் சந்துகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஆணி அடித்தேன். டிசம்பர் முழுக்க வானிலை ஏமாற்றியது. பனிகூடச் சரியாகப் பெய்யவில்லை. என் வேலைத்திறன்தான் கோழிகளைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் குளிர் ஒரேயடியாக இறங்கியது. காலையில் கதவைத் திறந்தால் மூக்கை எரிக்கும் எச்ச நாற்றம். கூரையின் உட்புறம் உப்புப் பூத்ததுபோல் வெண்மையாக உறைந்திருந்தது. கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே படிந்திருக்கிறது. லெகார்ன் ஒன்றின் கொண்டை நுனிகள் கறுத்துவிட்டன. சான்டெக்ளேர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கியூபெக்கில் ஒரு துறவி இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம் அது. கொண்டை தலையோடு ஒட்டிய சிறு மேடு, உறைவதற்கு அதில் என்ன இருக்கிறது?

அன்றே பிளாஸ்டிக்கைப் பிய்த்தெறிந்தேன். கோழிகளின் தலைக்கு மேலே காற்று போகட்டும், அவை அடையும் உயரத்தில் மட்டும் வீசக்கூடாது என்று ஏற்பாடு. மறுநாள் கூடு முன்னைவிடக் குளிர்ந்திருந்தது, ஆனால் காய்ந்திருந்தது. அவை இரவில் உட்காரும் உருண்டைக் கழியை எடுத்துவிட்டு நான்கு அங்குல அகலப் பலகையைப் பொருத்தினேன். இப்போது உட்கார்ந்தால் விரல்கள் முழுவதும் மார்பு இறகுக்குள் மறைகின்றன. ஓர் இரவு அந்த இறகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. கோழிக்கு உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. அடையும் முன் ஒரு கைப்பிடி மக்காச்சோளம் போடுகிறேன், இரவெல்லாம் செரித்துக்கொண்டிருக்கட்டும் என்று. கொண்டையில் வாசலினும் தடவினேன். பலன் தெரியவில்லை, சட்டைதான் வீணானது.

சூட்டு விளக்கு வாங்குவதா என்று வீட்டில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோலுக்கு மேல் எரியும் விளக்கைத் தொங்கவிட எனக்குப் பயம். ஜனவரி 13 மாலை எங்கள் ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்கக் கைபேசிகள் அலறின: மின்சாரத்தைக் குறையுங்கள். விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழிகள், மைனஸ் 40-இல் அது அணைந்தால் என்னாகும்? விவாதம் அத்துடன் முடிந்தது. தண்ணீர் உறையாதிருக்கக் கிண்ணத்தின் அடியில் வைத்த மின்சூடேற்றியையும் அன்றிரவு அணைத்துவிட்டேன். இருட்டில் கோழி தண்ணீர் குடிக்க வருவதில்லை.

முட்டையெடுக்கத் தாமதித்தால் நீளவாக்கில் வெடித்து, வெள்ளைக்கரு பனிக்கட்டியாக எட்டிப்பார்க்கும்.

மார்ச்சில் கறுத்த நுனிகள் உதிர்ந்தன. இனி லெகார்ன் வேண்டாம் என்றேன். குளிர்காலம் முழுக்க அதிகம் முட்டையிட்டது அதுதானே என்றாள் மனைவி.