மொட்டை மாடி டைம்லாப்ஸ்: வானம் தயார், ஊர் தயாரில்லை

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சென்னையில் மாலை மேகத்துக்குப் பஞ்சமில்லை. பகல் வெயிலில் உள்மாவட்டங்களில் எழும் இடிமேகங்கள், காற்று ஒத்துழைத்தால் சாயங்காலம் ஊரை நோக்கி வரும். ஆதம்பாக்கத்தில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பரங்கிமலைக்குப் பின்னால் அவை வளர்வது தெரியும். வெயிலில் தொடங்கி தெருவிளக்கு எரியும்வரை இதை ஒரே ஓட்டமான டைம்லாப்ஸாக, அதாவது சில வினாடிக்கொரு படம் எடுத்து அவற்றை வேகமாக ஓட்டும் வீடியோவாக, எடுக்க வேண்டும் என்பது இந்த சீசன் திட்டம். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறேன்.

கணக்கு எளிது. 5 வினாடிக்கு ஒரு படம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 720. வினாடிக்கு 25 படமாக ஓட்டினால் 29 வினாடிகூட வராது. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ஒரு ரா ஃபைல் 25 எம்பி என்றால், அதற்கே 18 ஜிபி. கார்டு, பேட்டரி எல்லாம் காசு கொடுத்தால் தீரும் பிரச்சினைகள்.

தீராதது அதிர்வு. மேற்குப் பக்கம் மறைப்பில்லாமல் தெரிவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். மோட்டார் ஓடும்போது தளத்தில் ஒரு நடுக்கம் வரும். காலுக்குத் தெரியாது, அரை வினாடி திறந்திருக்கும் ஷட்டருக்குத் தெரியும். அரை வினாடி எதற்கு என்றால், படத்துக்குப் படம் வண்டிகளும் இலைகளும் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பகலில் அதற்காகவே லென்சில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுகிறேன். மோட்டார் போடும் நேரமோ மாலை ஆறரை, சரியாகச் சூரியன் மறையும்போது.

“அண்ணே, ஒரு மணி நேரம் தள்ளிப் போட முடியுமா?” என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன்.

“தொட்டி காலியானா மூணாவது மாடி மாமி உங்களையா கேப்பாங்க தம்பி? என்னைத்தான் கேப்பாங்க.”

நியாயம்தான். இப்போது ஐந்து மணிக்கே போட்டுவிடுகிறார். கடற்காற்றுக்கு ட்ரைபாட் கொக்கியில் மணல் பை. அது தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும்.

அடுத்தது அந்தி. நான் பார்த்த யூடியூப் பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எடுத்தவை. லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைந்த பிறகும் முக்கால் மணி நேரம் அந்தி வெளிச்சம் நிற்கும். நமக்குச் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. 22 நிமிடம் போல, அவ்வளவுதான். தோராயமாக 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இருக்கும் வெளிச்சத்தில் பாதி, போய்விடும். அவர்கள் டீ குடித்துக்கொண்டே மாற்றும் ஷட்டரை நான் கேமராவை விட்டு நகராமல் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு ஸ்டாப்பாக மாற்றுகிறேன். வீடியோ படிக்கட்டு மாதிரி தாவும். எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருளில் போட்டால் சமமாகிவிடுகிறது. இந்தப் பகுதி ஏறக்குறைய கைவந்துவிட்டது.

சமமாகாதது, தெருமுனைக் கட்டடத்தின் மேல் இருக்கும் எல்ஈடி விளம்பரப் பலகை. தெருவிளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 வினாடிக்கு மேல் வேகமாக்காவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பலகை அப்படியில்லை. சில வினாடிக்கொரு முறை நகைக்கடை மஞ்சள், பிஸ்கட் நீலம் என்று மாறி, முன்னாலிருக்கும் மாடிகளையெல்லாம் அதே நிறத்தில் குளிப்பாட்டுகிறது. மென்பொருளில் வானத்தைச் சீராக்கினால் மாடிகள் மின்னும், மாடிகளைச் சீராக்கினால் வானம் துடிக்கும். கடைசியில் கேமராவை வலப்பக்கம் திருப்பி, மலையில் பாதியை இழந்துவிட்டேன். இருட்டிய பின் பிழைத்த கிளிப்புகள் அப்படி எடுத்தவை மட்டுமே.

மாடியே வேண்டாம், ரோட்டில் எடுக்கலாம் என்றால் அது வேறு கதை. பாலத்து நடைபாதையில் செல்போனை நீட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ட்ரைபாட்டை விரித்த பத்தாவது நிமிடம் “பர்மிஷன் இருக்கா?” என்று ஒருவர் வந்துவிடுகிறார். ஒரு பெரியவருக்கு வேறு கவலை: “சார், ரோட்டை அகலப்படுத்தறாங்களா? எங்க வீடு போகுமா?” சர்வே எடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் மேகம் கலைந்துவிட்டது.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மேகம் கடல் பக்கமிருந்து வரும். எங்கள் மாடியின் கிழக்குப் பக்கம் முழுக்க டிஷ் ஆன்டெனாக்களும் ஒரு செல்போன் டவரும். வேளச்சேரியில் நண்பன் வீட்டு மாடியைக் கேட்டிருக்கிறேன். அங்கே மோட்டார் எத்தனை மணிக்கு என்று இன்னும் விசாரிக்கவில்லை.